துரைக்கண்ணு வாத்தியார் வீடு எண்ணிய மாசி மாதம்

துரைக்கண்ணுவுக்கு எதையும் மெதுவாகச் சொல்ல வராது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவன் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஞ்சர் ஒட்டுகிறவருக்கும் சேர்த்துப் பாடமாகிவிடும். நடக்கவும் வராது, ஓட்டம்தான். சந்தோஷம் வந்தால் இரண்டு காதும் சிவந்துவிடும். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே செஞ்சி பஜாருக்குச் சேதி தெரிந்துவிடும்.

இருபத்தெட்டு வயது. பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் நிரந்தர வேலை. வெற்றிலை பாக்குகூடப் போடமாட்டான். இப்படிப்பட்டவனுக்கு 1981 தை மாதம் வரைக்கும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்றால், படுக்க இடம் இல்லாததால் ஆகவில்லை. வீட்டில் ஒரு கூடம், ஒரு உள்ளறை, ஒரு சமையலறை. உள்ளறையில் மூத்த அண்ணன் விநாயகமும் அண்ணி பவுனம்மாளும். சமையலறையில், பாத்திரங்களை ஓரங்கட்டிவிட்டு, இரண்டாவது அண்ணனும் அவர் மனைவியும். கூடத்தில் நைனா என்கிற அப்பாவும் அண்ணன்மார் பிள்ளைகள் ஐந்து பேரும். மிச்சம் இருந்தவன் துரைக்கண்ணு ஒருவன்தான். அவன் ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டு, மூன்றாம் வகுப்பறையில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தான். காலையில் தலையணையை அலமாரிக்குப் பின்னால் தள்ள மறந்த நாளில், அன்றைக்கு முழுவதும் வகுப்பில் பாடம் நடக்காது.

தை மாதம் ராஜாம்பாளைப் பெண் பார்த்தார்கள். அவளுடைய அப்பா தனகோட்டி, செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். வாயில் விசிலும் கையில் நோட்டுமாக நிற்கிற மனிதர். அவர் விசில் ஊதிய பிறகு எந்த பஸ்ஸும் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றதில்லை. ராஜாம்பாள் காப்பி கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் காதைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கமுடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். துரைக்கண்ணு அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டான்.

தனகோட்டிதான் முடிவு செய்யவில்லை. "பையனப் புடிச்சிருக்குது. வேலையும் நல்ல வேலை. ஆனா ஒண்ணு. என் பொண்ணுக்குத் தனியா ஒரு ரூம் வேணும். கதவு வெச்ச ரூம். பங்குனி பொறக்கறதுக்குள்ள வீடு பாத்துனு வாங்க, முகூர்த்தத்துக்கு நாள் குறிக்கலாம். இல்லன்னா திண்டிவனத்துல ஒரு எடம் காத்துனு இருக்குது. அவங்களுக்குச் சொல்லிடுவேன்."

"பஸ்ஸுக்கு டைம் சொல்ற மாதிரி சொல்றானே, இன்னா திமிரு பாத்தியா?" என்று வழியெல்லாம் நைனா பொருமினார். துரைக்கண்ணுவுக்குக் கோபமே வரவில்லை. ஒரு வீடுதானே என்று நினைத்தான். பத்து நாள் அலைந்த பிறகுதான் அந்த ஒரு வீட்டின் லட்சணம் தெரிந்தது. போன இடத்திலெல்லாம் கேட்ட முதல் கேள்வி, "கல்யாணம் ஆச்சா?"

"ஆகலைங்க. வீடு கெடச்சா ஆயிடும்."

"கல்யாணம் ஆகாத பசங்களுக்கு நாங்க வீடு உடறதில்ல. ஆனப்புறம் வா."

பெண் வேண்டுமென்றால் வீடு வேண்டும், வீடு வேண்டுமென்றால் பெண் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவன் சைக்கிளை மிதித்து மிதித்துச் சளைத்தான். கோட்டைக்குள்ளே ஒரு ராஜா கல்யாண மகால் என்று பெயர் வைத்து, அடுக்கு மேல் அடுக்காய், சுற்றிலும் அறையறையாய்க் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதில் குடியிருப்பது குரங்கும் வௌவாலும். அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் துரைக்கண்ணுவுக்கு வயிறு எரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜனத்தொகைக் கணக்கெடுக்கப் போகும்படி தாலுகா ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. மற்ற வாத்தியார்கள் முகத்தைச் சுளித்தார்கள். துரைக்கண்ணுவின் காது சிவந்துவிட்டது. ஒரு பிளாக் முழுக்க, நூற்றுச் சொச்சம் வீடுகள்! ஒன்றுவிடாமல் வாசற்படி மிதித்து உள்ளே எட்டிப் பார்க்கலாம். எட்டிப் பார்க்கச் சொல்லிச் சர்க்காரே அனுப்புகிறது. காலி வீடு ஒன்று இருந்தால் அது இவன் கண்ணுக்குத் தப்ப முடியுமா?

பயிற்சி வகுப்பில் சூப்பர்வைசர் இரண்டு விஷயத்தை அழுத்திச் சொன்னார். ஒன்று, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேராக இருந்தாலும் ஒரே குடும்பம். அடுப்பு இரண்டானால் குடும்பம் இரண்டு. மற்றொன்று, வீட்டில் கேட்டது எதையும் வெளியே மூச்சு விடக்கூடாது. "கட்டின பொண்டாட்டிகிட்ட கூடச் சொல்லக்கூடாது!" என்றார் அவர்.

"கட்டாதவங்க சார்?" என்று துரைக்கண்ணு எழுந்து கேட்டான். ஹாலே சிரித்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த நான்கு தெருக்கள் அவன் பங்குக்கு வந்தன. அவன் வீடும் அதில்தான் இருந்தது, தனகோட்டி வீடும் அதில்தான் இருந்தது. முதல் நாள் பன்னிரண்டு வீடு முடித்தான். ஒவ்வொரு வீட்டிலும் "அடுப்பு எத்தினி?" என்று அவன் ஊர் கேட்கக் கத்திக் கேட்டதில் ஒரு வினை பிறந்தது. சர்க்கார் அடுப்புக்கு ஒரு வீடு கட்டித் தரப் போகிறதாம் என்று மறுநாள் காலைக்குள் தெருவே பேசிக்கொண்டது.

இரண்டாம் நாள் அவன் போனபோது வாசலுக்கு வாசல் மூன்று செங்கல், நான்கு செங்கல். ஒரு வீட்டில் மாமியார் ஒரு அடுப்பு, பெரிய மருமகள் ஒரு அடுப்பு, சின்ன மருமகள் மாட்டுத்தொட்டி ஓரத்தில் ஒரு அடுப்பு. மூன்றிலும் சட்டி ஏறியிருந்தது. சின்ன மருமகளின் அடுப்பில் நெருப்பைக் காணோம்.

"சாம்பலே இல்லியேம்மா?" என்றான் துரைக்கண்ணு.

"இன்னிக்குத்தான் தனியா வந்தோம் சார்," என்றாள் அவள், மாமியாரின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டே.

அவனுக்குச் சிரிப்பாக வந்தது. எழுதியதென்னவோ ஒரு குடும்பம் என்றுதான். ஆனால் எழுதிவிட்டு உள்ளே பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வீட்டில் பதினோரு பேர், ஒரு அறை. மூன்று ஜோடி. பொய் அடுப்பு மூட்டியவர்கள் வீட்டு ஆசையில் மூட்டினார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் வீடு வேண்டாதவர்கள் ஒருவரும் மூட்டவில்லை. அந்தச் செங்கல்கள்தான் உண்மையான கணக்கோ என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது.

தன் வீட்டுப் படிவத்தை அவனே போய் உட்கார்ந்து எழுதினான். பவுனம்மாள் அண்ணி முறத்தோடு எதிரில் உட்கார்ந்து, தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் சொன்னாள்.

"வசிக்கிற அறை எத்தினி?"

"தெரியாத மாதிரி கேக்கறதப் பாரு. ஒண்ணு."

"கல்யாணம் ஆன ஜோடி?"

"ரெண்டரைன்னு போட்டுக்க வாத்தியாரே. அர ஜோடி பள்ளிக்கூடத்துல பெஞ்சி மேல தூங்குது."

கூடத்திலிருந்த பிள்ளைகள் எல்லாம் கெக்கலித்தன. துரைக்கண்ணுவும் சேர்ந்து சிரித்தான். இரண்டு என்று எழுதும்போது பேனா கொஞ்சம் நின்று எழுதியது. ஒரு அடுப்பு, ஒரு குடும்பம், ஒரு வீடு. காகிதத்தில் பார்த்தால் இந்த வீட்டில் ஒரு குறையும் கிடையாது. டெல்லியில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர் நிம்மதியாகக் காப்பி சாப்பிடலாம்.

நான்காம் நாள் அந்தப் பூட்டைப் பார்த்தான்.

மூன்றாவது தெருவில் கடைசிக்கு முந்தின வீடு. ஓட்டு வீடு, சின்னதுதான். கதவு தேக்கு. அதில் துருப்பிடித்த ஒரு திண்டுக்கல் பூட்டு. ஜன்னல் இடுக்கு வழியாகக் கண்ணை வைத்துப் பார்த்தான். ஒரு கூடம், அதற்கப்பால் ஒரு அறை. அறைக்குக் கதவு! துரைக்கண்ணு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதி குதித்தான்.

பக்கத்து வீட்டு ஷரீஃபுன்னிசா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றாள். "அது ஜகபர் அலி வூடு வாத்தியாரே. எனக்கு ஒண்ணுவுட்ட தம்பிதான். பாண்டிச்சேரில ஜவுளிக்கடை வெச்சிருக்கான். அம்மாவக் கூட்டினு போனதுல இருந்து மூணு வருசமா பூட்டிக் கெடக்குது."

"நீங்க கேக்கலியா? ஒங்க வூட்டுல ஒம்போது பேர எழுதினேனே!"

"எம் மவனுக்காக மூணு தடவ கேட்டுட்டேன். சொந்தக்காரங்களுக்கு வுட்டா திருப்பி வாங்க முடியாதுன்றான். அசலா இருந்தா கல்யாணம் ஆனவனான்னு கேப்பான். நீ அசலு. மீதிய நீதான் பாத்துக்கணும்," என்று அவள் பாண்டிச்சேரி விலாசத்தைச் சொன்னாள். தனக்குக் கிடைக்காத வீட்டுக்கு இன்னொருவனை அனுப்பிவைக்கிற மனசு எல்லோருக்கும் வராது. துரைக்கண்ணுவுக்கு அவளைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் விலாசத்தை எழுதிக்கொண்டான்.

அன்றைக்கே தபால் கார்டு போட்டான். அதற்கென்று ஒரு சர்க்கார் தமிழை வரவழைத்துக்கொண்டான். "மேற்படி பிளாக்கில் தங்கள் இல்லம் பூட்டிய வீடு எனப் பதிவாகியுள்ளது. தாங்கள் நேரில் வந்து விவரம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது. இப்படிக்கு, சி. துரைக்கண்ணு, கணக்கெடுப்பாளர்." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்று மூன்று தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெட்டியில் போட்டான்.

பதில் வரவில்லை. நாள் ஓடியது. தினமும் போய் அந்தப் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். பூட்டிய வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும் என்று விதியே இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தனகோட்டி வீட்டைக் கடைசிவரைக்கும் தள்ளிப்போட்டான். பேச்சு முடியாத பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை போய் நிற்பது முறையில்லை. ஆனால் சர்க்காரின் நோட்டுக்கு முறை தெரியாதே. ஒரு மத்தியானம், தெருப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, காது சிவக்கப் போய் நின்றான். தனகோட்டி டூட்டியில் இருந்தார். மகன் வேலைக்குப் போயிருந்தான், மருமகள் பிள்ளைகளோடு தாய் வீட்டுக்கு. ராஜாம்பாள் கொல்லைப்பக்கம் ஓடிவிட்டாள். அவளுடைய அம்மா ரத்தினம்மாள் பாய் விரித்து, மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"வீடு கெடச்சப்புறம் ஒங்க வீட்டுல கை நனைக்கிறேம்மா," என்று அவன் மோரைத் தள்ளி வைத்தான். அந்த அம்மாள் அதிர்ந்து பேசத் தெரியாதவள். அவன் பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவள் குரலைக் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

பெயர், வயது எல்லாம் ஆயிற்று. ஏழு பேர். அறை ஒன்று, அவன் உட்கார்ந்திருந்ததுதான் அந்த அறை. ஜோடி இரண்டு.

"குடும்பத் தலைவர் வழக்கமா தங்கறது இங்கதானே?" என்றான், படிவத்தைப் பார்த்தபடி. எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான்.

ரத்தினம்மாள் கொல்லைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். பிறகு, "சாப்பாடு இங்க. தூங்கறது டைம் ஆபீஸ்ல," என்றாள்.

"டூட்டியாம்மா?"

"டூட்டி காத்தால நாலு மணிக்குத்தான். மொத பஸ்ஸு இருக்குதுன்னு ஊருக்குச் சொல்லினு இருக்கறாரு. மவனுக்குக் கண்ணாலம் ஆயி ஆறு வருசம் ஆவுது. அன்னில இருந்து அவரு அங்க, நானும் ராஜாவும் எதுத்த வூட்டு நடையில. ஆறு வருசமா நானும் அவரும் பேசறதெல்லாம் சோறு போடற நேரத்துலதான். அதுக்குள்ள பஸ்ஸுக்கு நேரமாச்சும்பாரு." அவள் மோர்ச் செம்பைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். "அதான் ஒங்ககிட்ட அப்டிக் கேட்டுட்டாரு. திமிருன்னு நெனைக்காதீங்க. எங்க கெதி எம் பொண்ணுக்கு வரக்கூடாதுன்னுதான். இத எழுதிக்குவீங்களா?"

"இல்லம்மா. இதுக்குக் கட்டம் இல்ல," என்றான் துரைக்கண்ணு. அவன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மெதுவாகப் பேசினான்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதியவரைக்கும் கூட்டிப் பார்த்தான். வீடு நூற்றுப் பன்னிரண்டு. அடுப்பு நூற்று இருபத்தேழு. ஆக, பதினைந்து குடும்பத்துக்கு வீடு குறைகிறது. சரி, இப்போது ஜோடியை எண்ணுவோம் என்று எண்ணினான். நூற்று எழுபத்தொன்று! அறை நூற்று முப்பத்தொன்பது. முப்பத்திரண்டு ஜோடிக்கு அறையே இல்லை. நாட்டில் லட்சக்கணக்கில் வீடு பற்றாக்குறை என்று பேப்பரில் எத்தனையோ தடவை படித்திருக்கிறான். படித்துவிட்டு அதே பேப்பரில் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டியிருக்கிறான். இப்போது அந்த முப்பத்திரண்டும் எங்கெங்கே படுக்கிறது என்று அவனுக்குத் தெரியும். சமையலறையில், எதிர் வீட்டு நடையில், டைம் ஆபீசில். இவன் மாதிரி, அறை இல்லாததால் ஜோடியே ஆகாதவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை எங்கே போய் நிற்குமோ. நாலு தெருவுக்கே இப்படியென்றால் செஞ்சிக்கு? ஜில்லாவுக்கு? தேசத்துக்கு? அவனுக்குத் தலை கிறுகிறுத்தது. கூடவே ஒரு வேகமும் வந்தது. கல்யாணத்துக்காக மட்டும் தேடிய வீட்டை, இப்போது அந்த அம்மாள் முகத்துக்காகவும் பிடித்தாக வேண்டும் என்று நினைத்தான்.

கணக்கெடுப்பு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகையை முடித்துக்கொண்டு, மூன்றரை மணிக்கு ஜகபர் அலி வந்து சேர்ந்தார். ஷரீஃபுன்னிசாவின் மகன் ஓடிவந்து சொல்ல, துரைக்கண்ணு சட்டைப் பொத்தானைப் போடாமலே பறந்தான்.

ஜகபர் அலி வாசலில் வியர்த்து விறுவிறுத்து நின்றார். கையில் அந்தத் தபால் கார்டு. "நீங்கதானா அது? பூட்டுன வூட்டையெல்லாம் கவர்மெண்ட்டு எடுத்துக்குதாமே! பாண்டிச்சேரி பூரா அதே பேச்சு. எங்க வாப்பா கட்டின வூடு சார் இது!"

ஒரு நிமிஷம் சும்மா இருந்திருந்தால் போதும். பயந்துபோன மனிதர், சாவியைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டே போயிருப்பார். துரைக்கண்ணுவுக்கு அது நன்றாகவே தெரிந்தது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல பாய். கவர்மெண்ட் ஒங்க வூட்டத் தொடாது. நான்தான் அப்டி எழுதினேன். எனக்கு வீடு வேணும். மொதல்ல ஒங்க அக்கா மவனுக்குக் குடுக்கறதுன்னா குடுங்க. இல்லன்னா எனக்குக் குடுங்க."

"சொந்தத்துல வூடு வுடறதில்ல," என்றார் ஜகபர் அலி, பழைய முறுக்கு திரும்பியவராய். ஷரீஃபுன்னிசா உதட்டைச் சுழித்தாள். அவர் வாத்தியாரை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தினி உண்மைய மூஞ்சிக்கு நேரா சொல்றீங்க. ஒங்களுக்குக் குடுக்கலாம். கல்யாணம் ஆச்சா?"

"ஆகல."

"அட போங்க சார்," என்று அவர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

துரைக்கண்ணு விடவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வழி நெடுக வாதாடிக்கொண்டே போனான். பாண்டிச்சேரி பஸ் நாலு பத்துக்கு. மணி நாலு ஆறு. டைம் ஆபீஸ் வாசலில் தனகோட்டி விசிலோடு நின்றிருந்தார். ராஜாம்பாள் அப்பாவுக்குக் காப்பித் தூக்கு கொண்டுவந்திருந்தாள். அவர்களைப் பார்த்ததும் துரைக்கண்ணுவுக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, ஜகபர் அலியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நேரே தனகோட்டி முன்னால் நிறுத்தினான்.

"இவரு வூட்டுக்காரரு. நீங்க பொண்ணு வூட்டுக்காரரு. பொண்ணு இருந்தாத்தான் வூடுன்றாரு இவரு. வூடு இருந்தாத்தான் பொண்ணுன்றீங்க நீங்க. நடுவுல நான் எத்தினி நாளு சைக்கிள் மிதிக்கிறது? ரெண்டு பேரும் பேசி முடிங்க!" பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அவன் குரல் அப்படி.

பஸ் ஜன்னலெல்லாம் தலை முளைத்தது. "குடுத்துடு பாய்!" என்றது ஒரு தலை. "பொண்ண மொதல்ல குடுக்கச் சொல்லு!" என்றது இன்னொன்று. கண்டக்டர், "ரைட்டு போலாமா, நாலு பத்து ஆச்சு!" என்று கத்தினார். தனகோட்டி விசிலை வாய் வரைக்கும் கொண்டுபோனார். ஊதவில்லை. ஊதினால் வீடு பாண்டிச்சேரிக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"சாவி கையில வராம நான் வாக்குக் குடுக்க முடியாது," என்றார் தனகோட்டி.

"தாலி ஏறாம நான் சாவி குடுக்க முடியாது," என்றார் ஜகபர் அலி.

நாலு பன்னிரண்டு. நாலு பதினாலு. டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். ராஜாம்பாள் காப்பித் தூக்கைப் பெஞ்சின் மேல் வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"பாய், சாவிய அவருகிட்ட குடுக்க வேணாம். எங்க நைனாகிட்டயும் வேணாம். எங்கிட்ட குடுங்க. பங்குனில தாலி ஏறினா வூடு எங்களுது. ஏறலன்னா மறுநாளே இதே பஸ்ல சாவிய அனுப்பிடறேன். டைம் கீப்பர் பொண்ணு சொல்றேன், ஒரு நாள் பிந்தாது."

ஜகபர் அலி அந்தப் பெண்ணைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "இந்தப் பொண்ணு கையில வூடு பத்திரமா இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே ஏறினார். பஸ்ஸுக்குள் கைதட்டல். தனகோட்டி விசில் ஊதினார். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவர் ஊதியதிலேயே நீளமான விசில் அதுதான். துரைக்கண்ணு என்ன செய்வது என்று தெரியாமல் அவருடைய காப்பியை எடுத்துக் குடித்துவிட்டான். பெண் வீட்டில் கை நனைத்தாயிற்று என்று யாரோ கத்தினார்கள்.

முகூர்த்தம் பங்குனி கடைசியில் குறித்தார்கள். அதுவரைக்கும் சாவி ராஜாம்பாள் இடுப்பில். மூன்றாம் நாளே அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். "மூணு வருசமா பூட்டிக் கெடந்த வூடு. ஒட்டடை, பல்லி, பூரான் எல்லாம் இருக்குது. ஆள் பொழங்காம எப்டி இருக்கும்? அம்மா, நீயும் நைனாவும் போயி தெனம் பெருக்கி, வெளக்கேத்தி, பாத்துக்குங்க. கண்ணாலம் வரைக்கும் காவலுக்கு யாராவது இருந்தாத்தான் நல்லது," என்றாள். தனகோட்டி முதலில் முறைத்தார். பிறகு, பொறுப்பு என்று வந்தால் தட்டக்கூடாதுதான் என்று ஒத்துக்கொண்டார். துரைக்கண்ணு கேட்டுக்கொண்டு நின்றான். ரத்தினம்மாள் சொன்னதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ராஜாம்பாளுக்கு யாரும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. இந்தப் பெண்ணைத்தான் கட்டப்போகிறோம் என்று நினைத்தபோது அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கணக்கு நோட்டையெல்லாம் ஒப்படைத்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு வெள்ளையடிக்கக் கிளம்பினான். தண்ணீர் ஊற்றித் தாளித்த சுண்ணாம்பு ஒரு வாளி, மட்டை இரண்டு, தலையில் துண்டு. பஜார் முழுக்க நின்று நின்று, "எங்க வூட்டுக்கு வெள்ள அடிக்கப் போறேன்!" என்று சொல்லிக்கொண்டே போனான். மத்தியானம் மூன்று மணிக்குப் போய்க் கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. பூட்டு இல்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

தட்டுவதற்குக் கையைத் தூக்கினான். உள்ளே தனகோட்டி ஏதோ ஒரு பழைய சங்கதியை நிதானமாக, அவசரமே இல்லாமல், சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு ரத்தினம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த அம்மாளுக்கு இவ்வளவு பெரிய சிரிப்பு உண்டு என்று துரைக்கண்ணுவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவன் தூக்கிய கையை இறக்கினான். வாளியைச் சத்தமில்லாமல் படியோரம் வைத்தான். மட்டையை அதன்மேல் வைத்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தெருமுனையைப் பார்த்து அடிமேல் அடி வைத்து மெதுவாக நடந்தான்.

"இன்னா வாத்தியாரே, வெள்ள அடிக்கலியா?" என்று வாசலில் நின்ற ஷரீஃபுன்னிசா கேட்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழம அடிச்சிக்கலாம்," என்றான் துரைக்கண்ணு, காதோடு காதாக.